கடல் எல்லையில் செய்தி புடைப்பவர்கள்



எல்லைக் காவல் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது துவக்கு ஏந்திய சிப்பாயும், கரையோரம் ரோந்து வரும் படகும்தான். அந்தப் படகு எந்த இரவில், எந்தத் திசையில் போக வேண்டும் என்று முன்கூட்டியே யோசித்துச் சொல்ல ஒருவர் எங்கோ ஓர் அலுவலக அறையில் அமர்ந்திருக்கிறார். அவர் முன்னால் இருப்பவை காகிதக் கட்டும் கணினித் திரையும். அவரைப் புலனாய்வு ஆய்வாளர் என்று அழைக்கிறார்கள்.

குடும்பப் பத்திரிகையில் இவரைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்காதீர்கள். இவர் எழுதும் நான்கு வரிகள் சில வேளை ஒரு கரையோர ஊரையே காப்பாற்றுகின்றன. அதே நான்கு வரிகள் பிழையாக எழுதப்பட்டாலோ, சரியாக எழுதப்பட்டும் மேசை லாச்சிக்குள் கிடந்துவிட்டாலோ, அதன் விளைவு நம் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிறது. மூதூர், தோப்பூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஈச்சிலம்பற்று என்பது திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடி. மகாவலியின் ஒரு கிளை வெருகல் ஆறாக ஓடி அங்கே கடலில் கலக்கிறது. ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். ஒருபுறம் வயல், ஒருபுறம் கடல். இலங்கைக்குத் தரை எல்லை கிடையாது. சுமார் 1,340 கிலோமீட்டர் நீளமான கடற்கரைதான் நமது எல்லை. ஆகவே ஈச்சிலம்பற்று மீனவன் வலை உலர்த்தும் மணலும் நாட்டின் எல்லைதான்.

சுளகும் செய்தியும்

அரிசி புடைக்கும் ஒரு தாய் என்ன செய்கிறாள்? சுளகில் உள்ளதை எல்லாம் உலையில் போடுவதில்லை. உமியை ஊதித் தள்ளுகிறாள். குறுநொய்யை ஒருபக்கம் ஒதுக்குகிறாள். கல்லைப் பொறுக்கி எறிகிறாள். ஆய்வாளரின் தொழிலும் இதுவே.

செய்தி சேகரிப்பவர் வேறு, செய்தியைப் புடைப்பவர் வேறு. இந்த வேறுபாட்டை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். கடற்படை ராடார், சுங்கத் திணைக்களத்தின் சரக்குப் பட்டியல்கள், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பயணப் பதிவுகள், வெளிநாட்டு அரசுகள் அனுப்பும் எச்சரிக்கைகள், கரையோர மக்கள் சொல்லும் தகவல்கள் என்று பல வாய்க்கால்களால் செய்தி வந்து சேருகிறது. சர்வதேசப் பயணம் செய்யும் 300 தொன்னுக்கு மேற்பட்ட சரக்குக் கப்பல்கள் தம்மை அடையாளம் காட்டும் கருவியைப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. 2015இல் நமது மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்து, 2016 ஜூனில் அதை நீக்கியது. அந்தக் கால கட்டத்தில் ஆழ்கடல் செல்லும் பல நாள் படகுகளிலும் இருப்பிடம் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன.

இப்போது ஒரு படகின் கருவி நடுக்கடலில் திடீரென்று மௌனமாகிறது என்று வைத்துக்கொள்வோம். பற்றரி பழுதாக இருக்கலாம். மழையும் காற்றும் காரணமாக இருக்கலாம். ஹெரோயினோ, நம் பிள்ளைகளை அழித்துக்கொண்டிருக்கும் ஐஸ் என்ற போதைப்பொருளோ கைமாறுவதாகவும் இருக்கலாம். எது என்று ஆய்வாளர் யோசிக்க வேண்டும். இதே படகு முன்பும் இதே இடத்தில் மௌனமானதா? அது ஏற்றிச் சென்ற ஐஸ் கட்டிக்கும் கொண்டுவந்த மீனுக்கும் கணக்கு ஒத்துப்போகிறதா? அன்றைய கடல் எப்படி இருந்தது? இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் உமி பறக்கிறது.

தரம் பிரித்தல்

அரபுக் கல்லூரியில் ஹதீஸ் கலை ஓதிய எவருக்கும் ஆச்சரியம் தரும் ஒரு விஷயம் இந்தத் தொழிலில் உண்டு. பிரித்தானியக் கடற்படையிலிருந்து வந்து இன்று பல நாடுகளில் வழங்கும் ஒரு முறையில், ஒவ்வொரு செய்திக்கும் இரண்டு மதிப்பெண் போடுகிறார்கள். செய்தியைச் சொன்னவர் எத்தகையவர் என்பதற்கு ஆங்கில எழுத்து ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஒன்று. சொல்லப்பட்ட செய்தி எவ்வளவு உறுதியானது என்பதற்கு 1 முதல் 6 வரை ஓர் இலக்கம். நம்பத்தகுந்த ஆள் சொன்ன செய்தியும் பிழையாக இருக்கலாம். ஐயத்துக்குரிய ஆள் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். ஆகவே இரண்டையும் தனித்தனியே நிறுக்க வேண்டும் என்பது விதி.

நமது முஹத்திஸீன்கள் ஸனதை ஒருபுறமும் மத்னை ஒருபுறமும் ஆய்ந்து, ஸஹீஹ், ஹஸன், ளஈஃப் என்று தரம் பிரித்தது உங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே கலை என்று நான் சொல்லவில்லை. அது தீனைக் காத்த கலை; இது நாட்டு நிர்வாகம். ஆனால் ‘யார் சொன்னது, என்ன சொன்னது’ என்ற இரு கேள்விகளையும் கலக்காதே என்ற ஒழுக்கம் இரண்டுக்கும் பொது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அது சொற்களின் சிக்கல். 1951இல் யூகோஸ்லாவிய எல்லையைத் தாண்டிப் படையெடுப்பு நிகழுமா என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையினர் ஓர் அறிக்கை எழுதினார்கள். அதை, அவ்வாறு நிகழ்வதைப் பாரதூரமான சாத்தியமாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்துப்பட முடித்தார்கள். அந்தப் பிரிவின் மூத்த அதிகாரி ஷெர்மன் கென்ட் பிறகு தம் சகாக்களைத் தனித்தனியே விசாரித்தார். அந்தச் சொல்லுக்கு ஒருவர் நூற்றுக்கு இருபது என்று பொருள் கொண்டிருந்தார். இன்னொருவர் நூற்றுக்கு எண்பது என்று கொண்டிருந்தார்! ஒரே காகிதத்தில் கையெழுத்திட்டவர்கள் மனத்தில் இத்தனை வேறுபாடு. ‘இருக்கலாம்’, ‘பெரும்பாலும்’, ‘உறுதி’ என்ற சொற்களை அளந்து எழுத வேண்டும் என்ற பாடத்தை அந்தத் துறை அப்படித்தான் கற்றது.

ஏப்ரல் 4, இரண்டு முறை

நமது நாட்டின் கடல் எல்லைக் கதையில் ஏப்ரல் 4 என்ற திகதி இரண்டு முறை வருகிறது.

முதலாவது 1942. இரண்டாம் உலகப் போர்க்காலம். கொக்கலயிலிருந்து பறந்த கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், இலங்கைக்குத் தெற்கே பெருங்கடலில் ஜப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தியைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிவிட்டார். மறுநாள், கிறிஸ்தவர்களின் ஈஸ்டர் ஞாயிறு அன்று, கொழும்பு தாக்கப்பட்டது. கப்பல்கள் பல முன்னரே துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தபடியால் அழிவு குறைந்தது. ஏப்ரல் 8ஆம் திகதி, திருகோணமலையை நோக்கி அதே படை வருகிறது என்ற எச்சரிக்கை கிடைத்தது. அன்றிரவே துறைமுகத்துக் கப்பல்கள் வெளியே அனுப்பப்பட்டன. மறுநாள் காலை திருகோணமலைமீது குண்டுமழை பொழிந்தது. தெற்கே சென்ற ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் அகப்பட்டு மூழ்கியது; முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எச்சரிக்கை எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை. ஆனால் அது போய்ச் சேர்ந்தது, கேட்டவர்கள் அசைந்தார்கள்.

இரண்டாவது 2019. அந்த ஏப்ரல் 4ஆம் திகதி, சஹ்ரான் கும்பல் தற்கொலைத் தாக்குதலுக்குத் திட்டமிடுகிறது என்ற தகவல் இந்தியாவிலிருந்து நமது அரச புலனாய்வுச் சேவைக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே சுளகில் நிறையவே விழுந்திருந்தது. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் மோதலில் ஈடுபட்டு அந்த ஆள் தலைமறைவாகியிருந்தான். அவனைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் பிடிபட்டன. ஏப்ரல் 16ஆம் திகதி காத்தான்குடிப் பகுதியில் ஒரு மோட்டார் சைக்கிள் வெடிக்கவைக்கப்பட்டது. இடையில், தேவாலயங்கள் தாக்கப்படலாம் என்று எச்சரிக்கும் கடிதமும் பொலிஸ் உயர் மட்டத்தில் சுற்றில் விடப்பட்டது. ஆனால் தேவாலயத்து வாசலில் நின்ற மக்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 21ஆம் திகதி, அதுவும் ஈஸ்டர் ஞாயிறு, இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிக்கப்பட்டன. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிடைத்த தகவலின்மேல் செயற்படத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், அன்றைய பொலிஸ் மாஅதிபரும் அரச புலனாய்வுச் சேவைத் தலைவரும் தலா ஏழரைக் கோடியும், பாதுகாப்புச் செயலாளர் 5 கோடியும், தேசியப் புலனாய்வுத் தலைவர் 1 கோடியும் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. செய்தி கிடைத்தும் அசையாதிருப்பது குற்றம் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நீதிமன்றம் எப்படிச் சொல்வது?

புடைக்காத சந்தேகம்

சகோதரிகளே, அந்தக் கொடுமைக்குப் பின் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. உண்மையான எச்சரிக்கையைக் கவனியாமல் விட்ட அதே நாட்டில், அதன் பின் எல்லாமே எச்சரிக்கையாகத் தெரிந்தது. வீட்டில் இருந்த அரபுக் கிதாபு சந்தேகத்துக்குரியதாயிற்று. சமையலறைக் கத்தி செய்தியாயிற்று. 2019 மே மாதம், ஒரு முஸ்லிம் பெண் கப்பல் சுக்கான் சக்கரப் படம் போட்ட சட்டை அணிந்திருந்தாள். அதைத் தர்மச் சக்கரம் என்று எடுத்துக்கொண்டு அவளைக் கைது செய்து பல நாட்கள் விளக்கமறியலில் வைத்தார்கள். கடலால் சூழப்பட்ட நாட்டில் ஒரு கப்பல் சுக்கானை அடையாளம் காண முடியாமற் போனது!

இது உணர்ச்சியில் சொல்லும் குறையன்று. தொழில் அடிப்படையிலேயே இது பிழை. சுளகில் கல்லை அள்ளிக் கொட்டினால் அரிசி எங்கே என்று தெரியாது. ஆயிரம் அப்பாவி வீடுகளைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தால் உண்மையான ஒரு குற்றவாளி அந்த ஆயிரத்துக்குள் ஒளிந்துகொள்வான். தகவல் சொல்ல முன்வந்த சமூகமும் வாயை மூடிக்கொள்ளும்.

படகில் வந்தவர்கள்

திருகோணமலைத் துறைமுகம் அண்மையில் கண்ட இன்னொரு காட்சியைச் சொல்கிறேன். 2024 டிசம்பர் 19ஆம் திகதி முல்லைத்தீவு, முள்ளிவாய்க்கால் கரையில் ஒரு படகு ஒதுங்கியது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட றோகிங்கிய முஸ்லிம்கள், குழந்தைகளும் தாய்மாரும். முதலில் சோறும் தண்ணீரும் கொடுத்தவர்கள் அந்த ஊர்த் தமிழ் மீனவ மக்கள். பட்ட கஷ்டம் தெரிந்தவர்களுக்கே பசியின் முகம் தெரியும். மறுநாள் கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. ஆட்களைக் கடத்தினார்கள் என்று பன்னிரண்டு பேர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார்கள். மற்றவர்கள் முல்லைத்தீவு விமானப்படை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

2025 ஜனவரியில் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் ஆனந்த விஜேபால, இன்னும் ஒரு இலட்சம் பேர் வரை வர ஆயத்தமாவதாகப் புலனாய்வுத் தகவல் இருக்கிறது என்றார். இந்த இடத்தில் ஒரு நல்ல ஆய்வாளர் என்ன கேட்பார் என்று பாருங்கள். இதற்கு முன் எத்தனை பேர் வந்தார்கள்? 2022 டிசம்பரில் வடகடலில் 104 பேர் மீட்கப்பட்டார்கள். 2013 பெப்ரவரியில் கிழக்குக் கடலில் ஒரு படகிலிருந்து 32 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கூட வந்தவர்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பசியாலும் தாகத்தாலும் நடுக்கடலிலேயே மாண்டிருந்தார்கள். நூறு, நூறாக வந்தவர்கள் இலட்சமாக ஆவது எப்படி? அத்தனை பேருக்கு எத்தனை படகு வேண்டும்? அவர்கள் வழக்கமாகப் போக விரும்பும் இடம் மலேசியாவும் இந்தோனேசியாவும் அல்லவா? இயந்திரம் பழுதான படகை வடகீழ்ப் பருவக்காற்றும் நீரோட்டமும் நமது பக்கம் தள்ளுகின்றன என்றால், அவர்கள் வந்தது திட்டத்தாலா, திசை தப்பியதாலா? 2017இல் மியன்மாரிலிருந்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள் என்ற உண்மையும், அவர்களில் எத்தனை பேர் நம் கரைக்கு வர முடியும் என்ற கணக்கும் வெவ்வேறு.

கேள்வி கேட்பதால் அரசின் கடமை குறைந்துவிடாது. பணத்துக்காக மக்களைப் பழுதான படகில் ஏற்றும் கயவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்றியவன் யார், ஏற்றப்பட்டவள் யார் என்று பிரிப்பதற்குத்தானே ஆய்வாளருக்குச் சம்பளம்!

இதே நிலை நமது நாட்டுத் தமிழ் மக்களுக்கும் நேர்ந்தது. 2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பலில் 492 பேர் கனடாவின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் கரை சேருமுன்பே அங்குள்ள அமைச்சர்கள் பயங்கரவாதிகள் என்றும் ஆட்கடத்தல்காரர் என்றும் பேசினார்கள். தாய்மாரும் பிள்ளைகளும்கூடத் தடுத்து வைக்கப்பட்டார்கள். 2015இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், தஞ்சம் தேடும் பயணத்தில் ஒருவருக்கொருவர் உதவியவர்களையும் தன் குடும்பத்தாருக்கு உதவியவர்களையும் இலாபத்துக்கு ஆள் கடத்துபவர்களோடு சேர்க்க முடியாது என்று பிரித்துக் காட்டியது. அந்தப் பிரிப்புக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

மார்க்கம் என்ன சொல்கிறது?

பட்டம் முடித்த மகளுக்கோ மகனுக்கோ சுங்கத்திலோ குடிவரவுத் திணைக்களத்திலோ போட்டிப் பரீட்சை எழுத விண்ணப்பிக்க விரும்பும் உம்மாமார் என்னிடம் கேட்பதுண்டு: “ஹஸரத், துருவிப் பார்க்க வேண்டாம் என்று மார்க்கம் தடுத்திருக்கிறதே, இது கூடுமா?”

நியாயமான கேள்வி. ஸூரத்துல் ஹுஜுராத்தில் பிறர் குறைகளைத் துருவித் தேடுவது தடுக்கப்பட்டிருக்கிறது. அதே ஸூராவில், தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதபடி அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறும் ஏவப்பட்டிருக்கிறது. ஸூரத்துன் நம்லில் ஹுத்ஹுத் பறவை ஸபஉ நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்தபோது, ஸுலைமான் (அலை) அவர்கள் உடனே படையை அனுப்பவில்லை. நீ சொன்னது உண்மையா என்று பார்ப்போம் என்ற கருத்தில் பதில் சொல்லி, கடிதத்தைக் கொடுத்து அனுப்பிச் சோதித்தார்கள். அந்தரங்கத்தைத் துருவுவது வேறு. வரும் ஆபத்தை அறிய வந்த செய்தியைச் சோதிப்பது வேறு. முதலாவதை விலக்கி இரண்டாவதைச் செய்ய முடிந்தால் அது அமானிதமான வேலை. சட்டத்தை மீறி ஓர் அப்பாவியைச் சிக்கவைக்கச் சொன்னால், அங்கே மறுத்து நிற்கும் ஈமான் வேண்டும். அந்த உறுதி இல்லாதவர் அந்தக் கதிரைக்குப் போகாமலிருப்பது நல்லது.

நம் பிள்ளைகள் அங்கே இருப்பதில் நாட்டுக்கும் நன்மை உண்டு. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்து, அரபு எழுத்தையும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெண் அந்த மேசையில் இருந்தால், துஆக் கிதாபை வெடிகுண்டுக் குறிப்பு என்று யாரும் எழுத மாட்டார்கள். உண்மையான விஷத்தை அவள் முதலில் அடையாளம் காண்பாள்.

கரையிலுள்ளவர் கடமை

2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை நமது நேரப்படி 6.58க்கு சுமாத்ராவில் பூமி அதிர்ந்தது. கால் மணி நேரத்தில் ஹவாய்த் தீவிலுள்ள நிலையம் பசிபிக் நாடுகளுக்கு அறிவித்தல் அனுப்பியது. இந்து சமுத்திரத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடே அன்று இருக்கவில்லை. அலை நம் கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரமும் ஈச்சிலம்பற்றிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் தாய்மார் காலைச் சாப்பாடு செய்துகொண்டிருந்தார்கள். நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பின் 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி மீண்டும் சுமாத்ராவில் பெரும் அதிர்ச்சி ஏற்பட்டபோது, எச்சரிக்கை கரைக்கு வந்தது. மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளூருக்கு நகர்ந்தார்கள். பேரலை வரவில்லை. ஆனால் செய்தி வந்தது என்பதே பெரிய நிஃமத்.

2006 ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டு, ஆகஸ்டில் சண்டை வெடித்தபோது மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். ஈச்சிலம்பற்றுத் தமிழர்கள் வாகரைக்கு ஓடினார்கள். இரு சாராரும் தெருவில் காதில் விழுந்ததை வைத்துத்தான் ஓடினார்கள். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே ஷெல் விழுகிறது என்று நம்பிச் சொல்ல யாரும் இல்லை. உறுதியான செய்தி இல்லாத ஊரில் வதந்தியே வழிகாட்டி.

ஆகவே சகோதரிகளே, உங்கள் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தால் அடுத்த குழுவுக்குத் தட்டிவிடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். சொன்னது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? பதில் இல்லையென்றால் அது உங்களோடு நிற்கட்டும். பதில் உண்டென்றால், கரையில் அறியாத படகோ, பிள்ளைகளைச் சுற்றும் போதை வியாபாரியோ, வன்முறை பேசும் வாலிபனோ உங்கள் கண்ணில் பட்டால் மௌனமாக இருக்காதீர்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். கண்டது இது, நான் நினைப்பது இது என்று பிரித்துச் சொல்லுங்கள். அந்தப் பிரிப்பு அங்கே மேசையில் இருப்பவருக்குப் பாதி வேலையைக் குறைக்கும்; பழி ஒன்றும் அறியாத ஒருவரின் வீட்டுக் கதவு நடுநிசியில் தட்டப்படாமலும் காக்கும்.

பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள். “அவன் களவெடுத்தான்” என்று மகன் ஓடிவந்தால், “நீ கண்டாயா, யாரும் சொன்னார்களா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியோடு வளரும் பிள்ளை நாளை எந்தக் கதிரையில் அமர்ந்தாலும், அதன் பேனாவால் யாருக்கும் அநியாயம் நேராது, இன்ஷா அல்லாஹ்.